தேதி கேட்கும்

12 ஜனவரி 2002

அன்புள்ள அக்கா,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். மூன்றாவது ஆளும் இப்போதைக்குச் சுகம் என்கிறார் டாக்டர். ஆமாம், விஷயம் அதுதான். மூன்றாவது மாதம். முந்தைய இரண்டு முறையும் கைநழுவிப் போனதால் இந்த முறை என் வீட்டுக்காரி படுக்கையை விட்டு இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மனசைக் கலக்கும் சேதி எதுவும் அவள் காதில் விழக் கூடாதாம். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும் நான் சிரித்துக்கொண்டே துடைக்கிறேன்.

ஜூலையில் எதிர்பார்க்கிறோம். நீயும் மாமாவும் வந்துவிட வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் என்னைத் தூக்கி வளர்த்த கைதான் இதையும் முதலில் தூக்க வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது வேலை. மியூசியத்தின் கிடங்குக்கு என்னை மாற்றியிருக்கிறார்கள். தரையிலிருந்து கூரை வரை பழைய கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே இருக்கும் பேட்டரியை மட்டும் வெட்டி எடுத்துவிட வேண்டும், அதுதான் எனக்கு இட்ட உத்தரவு. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் உள்ளே கடிகாரம் ஓடுவதற்காக வைத்த குட்டி பேட்டரி அது. வயசானால் கசியும். கசிந்தது அங்கேயே நிற்காது, போர்டில் ஓடும் மெல்லிய செம்புக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நகரும், போகிற வழியெல்லாம் தின்னும்.

நீ அச்சுக்கோக்கும் கம்ப்யூட்டரும் இதே வயசுதான். மாமாவை விட்டுக் கழற்றச் சொல். போனில் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால் உன் காதுக்கு அது உதவாது, மாமாவோ மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் தம்பி


04-02-2002

அன்புள்ள திருகாணிக்கு,

மாமா அச்சு மிஷினை நிறுத்திவிட்டு வந்து உன் கடிதத்தை நீட்டினார். மூன்றாவது ஆளைப் பற்றிப் படித்ததும் நான் போட்ட சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். அவளைக் கையில் வைத்துத் தாங்கு. வீட்டில் எதையும் திருகிக் கழற்றிச் சத்தம் போடாதே. ரேடியோவின் திருகாணி முழுக்க உன் டவுசர் பையில் கிடந்த காலத்தை நான் மறக்கவில்லை.

பேட்டரி விஷயம். நீ சொல்வது புரிகிறது, ஆனால் அதை எடுத்தால் கடிகாரம் நின்றுவிடுமே. மேலே இருக்கும் தேதி நான் அடித்தது இல்லை. எந்தத் தாள் வந்தாலும் கம்ப்யூட்டரே தானாகப் போடுகிறது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள் பிசகியது கிடையாது. நான்தான் பிசகியிருக்கிறேன். ஒரு கல்யாண அழைப்பிதழில் பதினாறைப் பத்தொன்பதாக அடித்துவிட்டேன். பெண்ணின் பெரியப்பா குடும்பத்தோடு வந்து இறங்கியபோது மண்டபத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்களாம். அந்த மனிதர் கடைக்கு வந்து நின்ற நிலையை இன்னும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து தேதி சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு துண்டுத் தாளைக்கூட வெளியே விடுவதில்லை. தேதியில் பொய் இருந்தால் கீழே உள்ளதை யார் நம்புவார்கள்?

கையில் இரண்டு புத்தக வேலை இருக்கிறது. முடியட்டும், கழற்றுகிறேன்.

எனக்கு வயிற்றில் ஏதோ மந்தம். சாப்பாடு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மாமா மூக்கால் அழுகிறார். அவருக்கும் அதே பதில்தான், வேலை முடியட்டும்.

ஜூலைக்கு வரப் பெட்டியை இப்போதே துடைத்து வைக்கிறேன்.

அன்போடு அக்கா


20 பிப்ரவரி 2002

அன்புள்ள அக்கா,

இங்கே குளிர் விட்டபாடில்லை. மற்றபடி சுகம். வயிறு எப்படி இருக்கிறது?

நேற்று ஒரு கம்ப்யூட்டரைத் திறந்தேன். மேலே ஒரு கீறல் இல்லை, விசைகள் பளபளவென்று இருந்தன. புதுசு மாதிரி இருந்ததால் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். மூடியைத் தூக்கினால் பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கிறது. பூவைத் தொட்டேன், ஒரு சிப்பின் காலே கையோடு வந்துவிட்டது. என் மேலாளர், "பார்க்க நல்லா இருந்துச்சேப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பார்க்க நன்றாக இருந்ததுதான் அதற்கு வினையாகப் போனது.

வயிற்றுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உனக்குப் புரியாமல் இல்லை. அச்சுக்குப் புத்தகம் கொடுத்தவன் ஒரு வாரம் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சனிக்கிழமை மாமாவிடம் போனில், "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்டேன். "இருக்கா, இருக்கா" என்றார். பின்னால் அச்சு மிஷின் தடதடவென்று ஓடியது. அந்தச் சத்தம் கேட்டதே எனக்குப் பாதி வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

பதில் போடு. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து போடு.

தம்பி


17-03-2002

அன்புள்ள திருகாணிக்கு,

நீ அதட்டியதால் போய்விட்டு வந்தேன். படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கொஞ்சம் கடிந்துகொண்டார். மருந்து கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

மாமா கம்ப்யூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தார். நீ சொன்ன பூ கொஞ்சம் பூத்திருக்கிறது. டெலிவரி வண்டியின் பேட்டரியைத் துடைக்கிற பழக்கத்தில் சோடா உப்பைக் கரைத்துத் தடவிவிட்டார். வேலை சுத்தம் என்று சட்டைக் காலரைத் தூக்கிக்கொண்டார். சரிதானே?

ஜூலை பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியவில்லை. மருந்து ஒத்துக்கொள்ள வேண்டும். இதை உன் வீட்டுக்காரியிடம் சொல்லாதே. பெட்டி துடைத்தபடியே இருக்கிறது.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். குழந்தை பிறந்ததும் யாரைப் போல இருக்கிறது, என்ன பெயர் என்பதெல்லாம் அப்புறம். முதலில் எனக்குத் தேதியை எழுது.

அக்கா


1 ஏப்ரல் 2002

அன்புள்ள அக்கா,

மாமாவின் காலரை இறக்கிவிடச் சொல். வண்டி பேட்டரியில் இருப்பது அமிலம், அதற்குத்தான் சோடா உப்பு. இதில் கசிவது காரம். காரத்தின் தலையில் சோடாவைக் கொட்டினால் எரிகிற நெருப்பை விசிறிவிடுகிற கதைதான். இதற்கு வினிகர் வேண்டும். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, கட்டிங் பிளேயரால் பேட்டரியின் கால்களை வெட்டி எடுக்கட்டும். பூத்த இடத்தைப் பஞ்சில் வினிகர் தொட்டு ஒற்றட்டும். பிறகு தண்ணீர், பிறகு ஸ்பிரிட். நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஸ்விட்ச். இனிமேல் தள்ளிப்போடாதே.

கடிகாரம் நின்றுவிடும், உண்மைதான். அதற்கு வழி இருக்கிறது. இனி ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் அது உன்னிடம் தேதி கேட்கும். அடித்துவிட்டால் போதும். ஒன்றும் அடிக்காமல் விட்டால் 1980 ஜனவரி ஒன்று என்று தானே நினைத்துக்கொள்ளும், பாவம், அதற்குத் தெரிந்த முதல் நாள் அதுதான். உன்னிடம் வாழ்க்கைப்பட்ட மிஷினுக்கு அந்தக் கஷ்டம் வராது.

அக்கா, "அவ்வளவுதான்" என்று நீ எழுத மாட்டாயே. நீ ஒரு தலைவலியையே இரண்டு பக்கம் எழுதுகிறவள். என்ன மருந்து, என்ன பெயர், எல்லாம் எழுது. நான் ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுப் போகவா என்று தோன்றுகிறது. ஆனால் இவளைத் தனியே விட்டு நகர முடியவில்லை. குழந்தை அசைகிறது. நேற்று என் கையை எடுத்து வைத்துக் காட்டினாள்.

தம்பி


29 ஏப்ரல் 2002

அக்கா,

நாங்கள் நலம். நீ?

தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே எட்டிப் பார்க்கிறேன். அவரும் என்னைப் பார்த்ததும் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். உயிரோடுதான் இருக்கிறாயா இல்லையா என்றாவது ஒரு வரி எழுதிப் போடக் கூடாதா? நான் பேட்டரியைக் கழற்றச் சொன்னேன், கையைக் கழற்றச் சொல்லவில்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன். "அக்கா இருக்காளா மாமா?" என்றேன். "லைன் சரியில்ல மச்சான். கடுதாசி வரும்" என்று சொல்லி வைத்துவிட்டார். பின்னால் மிஷின் சத்தம் இல்லை. வேலை நாளில் மிஷினை எதற்கு நிறுத்தினார்?

அவளுக்கு ஆறாம் மாதம். உன் கடிதம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தம்பி


01-01-1980

அன்புள்ள திருகாணிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் சுகம் என்று எழுதியது சந்தோஷம். உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

எனக்கு இப்போது வலி எதுவும் இல்லை. ஓய்வில் இருக்கிறேன். கடையை மாமாதான் பார்த்துக்கொள்கிறார். புத்தக வேலை இரண்டையும் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது.

பேட்டரியை நீ சொன்னபடி கழற்றியாகிவிட்டது. கையில் வாங்கிப் பார்த்தால் கட்டைவிரல் நுனி அளவுகூட இல்லை. இதற்கா இவ்வளவு பயந்தோம்?

வினிகர் தொட்டுத் துடைத்தாகிவிட்டது. கம்ப்யூட்டர் ஓடுகிறது.

ஜூலையில் அங்கே வர முடியாது. மன்னித்துக்கொள். உன் வீட்டுக்காரியை எதற்கும் கலங்க விடாதே. நீயும் கலங்காதே.

அக்கா


30 மே 2002

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. வலி இல்லை என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இவளுக்கும் படித்துக் காட்டினேன். தாளை நான் கையிலேயே வைத்துக்கொண்டு படித்தேன். "ஏன் குரல் கம்மியிருக்கு?" என்று கேட்டாள். கிடங்குத் தூசி என்றேன். அங்கே தூசிக்கு என்ன பஞ்சம்.

பேட்டரியைக் கழற்றியது நல்லது. ஜூலைக்கு வர முடியாவிட்டால் பரவாயில்லை. நீ ஓய்வெடுத்துக்கொள் அக்கா. நிறைய வேலை செய்துவிட்டாய். என்னை வளர்த்ததே பெரிய வேலை.

மாமா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? அதை மட்டும் எழுதச் சொல். தொட்டிலில் போட மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறோம். சுவருக்கு மஞ்சள் வர்ணம் அடித்தேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் திருகாணி


01-01-1980

அன்புள்ள திருகாணிக்கு,

நலம்தானே? சுவருக்கு மஞ்சள் நல்ல நிறம்.

மாமா சாப்பிடுகிறார். தானே சமைக்கிறார். உப்பு மட்டும் பிடிபடவில்லை. உன் கடிதத்தை அவர் பலமுறை படித்தார். முன்கதவுக்கு எண்ணெய் போட்டாகிவிட்டது, இப்போது கிறீச்சிடுவதில்லை. மாலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறார். ஒரு விரலால் தட்டுகிறார்.

பெட்டி கட்டிலுக்கு அடியில் துடைத்தபடியே இருக்கிறது.

குழந்தை நல்லபடியாக வரட்டும். வந்ததும் எழுது.

அக்கா


27 ஜூலை 2002

அன்புள்ள மாமா,

பெண் குழந்தை. போன வாரம் பிறந்தது. தாயும் மகளும் நலம். இருவரும் உள்ளே தூங்குகிறார்கள். எடை கொஞ்சம் குறைச்சல், அழுகை கொஞ்சம் கூடுதல். இனிமேல் யாரும் படுக்கையில் கிடக்க வேண்டியதில்லை, யாரிடமும் எதையும் மறைக்க வேண்டியதும் இல்லை. அதனால் இந்தக் கடிதம் உங்களுக்கு.

எனக்கு மே மாதமே தெரியும் மாமா.

நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தீர்கள். அக்கா எழுதுகிற மாதிரியே எழுதினீர்கள். என்னைத் திருகாணி என்று கூப்பிட்டீர்கள். உறையில் தபால்தலையை அவள் ஒட்டுகிற மாதிரி மூலையோடு மூலை ஒட்டியிருந்தீர்கள். ஆனால் தாளைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது தேதிதான். 1980 ஜனவரி ஒன்று. அது என்னவென்று எனக்குத் தெரியாதா, நான்தானே எழுதினேன்? அக்கா காய்ச்சலில் கிடந்தாலும், கண் தெரியாமல் போனாலும், அந்தத் தேதியோடு ஒரு தாளை வெளியே விட மாட்டாள். அப்படியானால் அங்கே அக்கா இல்லை. கிடங்கில் அலமாரிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

உங்களிடம் கேட்கலாம் என்று எத்தனையோ தடவை போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். சொன்னால் என் முகத்தை இவளிடம் நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்? நீங்கள் எனக்காக மறைத்தீர்கள், நான் இவளுக்காகத் தெரியாதவன் மாதிரி இருந்தேன். அக்காவுக்கு என்று எழுதிய அந்தக் கடிதத்தை, இல்லாதவளுக்கு எழுதுகிறோம் என்று தெரிந்தேதான் எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அவள் இருந்தாள்.

தேதி போட மறந்தது உங்கள் தவறு இல்லை மாமா. அவள் இருந்தவரை அதைத் தனியே யோசிக்க வேண்டிய தேவையே உங்களுக்கு வந்ததில்லை.

வேறு எதுவும் கேட்க மாட்டேன். அந்தத் தேதியை மட்டும் சொல்லுங்கள்.

மச்சான்


14 ஆகஸ்ட் 2002

அன்புள்ள மச்சானுக்கு,

கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

ஏப்ரல் 21. ஞாயிற்றுக்கிழமை. காலையில் போனாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

புற்று. மார்ச் மாதம் படம் எடுத்தபோதே, வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே ஒன்றும் தெரியவில்லையே என்றேன். அவர் படத்தை உறையில் போட்டு என்னிடம் நீட்டினார். வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "புள்ள கைக்கு வர்ற வரைக்கும் அவனுக்குத் தெரியக் கூடாது. என் பேர்ல கடுதாசி போயிட்டே இருக்கணும்" என்றாள். உனக்குத் தெரிந்தால் அடுத்த நிமிஷம் உன் வீட்டுக்காரிக்கும் தெரிந்துவிடும், உன் முகத்துக்கு மறைக்கத் தெரியாது என்றாள். அவள் கணக்கு அந்த ஒரு இடத்தில் தப்பிப்போய்விட்டது.

ஏப்ரல் ஒன்று என்று போட்ட உன் கடிதம் அவள் இருக்கும்போதே வந்தது. படித்துவிட்டு என் காலரைப் பார்த்துச் சிரித்தாள். உடனே கழற்றச் சொன்னாள். கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்துத் திறந்தேன். வெட்டி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "கட்டவெரல் நுனி அளவுகூட இல்ல. இதுக்கா இவ்வளவு பயந்தோம்?" என்றாள். உனக்கு வந்த கடிதத்தில் அந்த வரி மட்டும் அவள் சொன்னது. மற்றதெல்லாம் நான் எழுதியது. அதிலும் பொய் ஒன்றுகூட இல்லை. திரும்ப எடுத்துப் பார்த்தால் உனக்கே தெரியும்.

போர்டில் இரண்டு செம்புக் கோடு மங்கிப்போயிருக்கிறது, ஆனால் ஓடுகிறது. அதையாவது நேரத்தில் எடுத்துவிட்டோம்.

இன்னொன்று. தேதி போட நான் மறக்கவில்லை மச்சான். நீ எழுதியபடியே கம்ப்யூட்டர் கேட்டது. அவள் போன பிறகு வந்த ஒரு நாளை அவள் பெயர் போட்ட தாளில் எப்படி அடிப்பேன்? விரல் போகவில்லை. அவள் இருந்திருந்தால் வேறு எதை மன்னித்தாலும் அதை மன்னித்திருக்க மாட்டாள். ஒன்றும் அடிக்காமல் விட்டேன். அதுவே ஒரு தேதியைப் போட்டுக்கொண்டது. நீ பிடித்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். பிடித்தால் பிடிக்கட்டும் என்றுதான் தபாலில் சேர்த்தேன். சத்தியத்தையும் மீற முடியவில்லை, தனியாகவும் தாங்க முடியவில்லை.

குழந்தையை நான் கேட்டதாகச் சொல். இப்போதும் தினமும் மாலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறேன். அதுவும் தினமும் கேட்கிறது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

அவ்வளவு எழுதிய நீ குழந்தை பிறந்த தேதியை எழுதாமல் விட்டுவிட்டாய். அவள் முதலில் கேட்டது அதைத்தான். எழுதி அனுப்பு, அதை அடிக்கிறேன்.

உன் மாமா